மூடாத வேலை

அச்சடித்த தாள் எதையும் சிலுவைமுத்து நம்பமாட்டார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்துக்கூட்டிப் படிப்பார், படித்து முடித்ததும் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார். எழுபத்திரண்டு வயது வரைக்கும் இந்தப் பழக்கத்தால் அவருக்கு நஷ்டம் வந்ததில்லை.

டயாலிசிஸ் நிலையத்துக் கதவில் அன்று ஒட்டியிருந்த தாளுக்குப் பின்பக்கம் பார்க்க வழியில்லை. பசை தடவி அழுத்தி ஒட்டியிருந்தார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் வாரத்துக்கு மூன்று முறைக்குப் பதிலாக ஒரு முறை என்று அதில் இருந்தது. ஒன்றாம் தேதிக்கு எட்டு நாள்தான் பாக்கி.

உள்ளே நாலாவது நாற்காலியில் அவர் மனைவி அமலோற்பவம் சாய்ந்து கிடந்தாள். கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக மிஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். மிஷினைப் பார்த்துக்கொள்கிற சுடலைமணி பக்கத்தில் நின்று எதையோ குறித்துக்கொண்டிருந்தான்.

“கதவுல என்னவே ஒட்டியிருக்கீரு?” என்றார் சிலுவைமுத்து.

“நான் ஒட்டல அண்ணாச்சி. மேல இருந்து வந்துச்சு. தண்ணி கொறையுதாம். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு நூத்தியிருபது லிட்டர் வேணும். பத்தொம்பது பேரு இருக்கீய. நான் எங்க போவேன்?”

“வாரத்துக்கு ஒண்ணுன்னா எத்தனை வாரம் தாங்கும்?”

சுடலைமணி நாற்காலியைப் பார்த்தான். “அதை இங்க வெச்சா கேக்கீய?” என்றான் குரலைத் தாழ்த்தி.

கண்ணை மூடிக் கிடந்த அமலோற்பவம், “அவரு அப்படித்தான். பொணத்துக்கிட்டயே போயி எப்படா செத்தேன்னு கேப்பாரு,” என்றாள்.

“தண்ணி ஏன் கொறையணும்? கடலு வத்திட்டா?”

“நாம நெடுந்திட்டை முந்திட்டோமாம்.”

“எதுல?”

“சேவையில.”

“சேவைன்னா இடியாப்பம்லா?”

சுடலைமணி சிரிக்கவில்லை. சிரிக்கிற காரியமில்லை என்பது சிலுவைமுத்துவுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

நெடுந்திட்டு என்பது கடலுக்குள் பதினெட்டு மைல் தள்ளி, மண் கொட்டி மேடாக்கிக் கட்டிய ஊர். தனி அரசாங்கம், தனிச் சட்டம். பல தேசத்து ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள். கரைக்கும் பிறகு தனி அரசாங்கம் வந்தது. இரண்டுக்கும் நடுவே, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றே ஒன்று. தண்ணீரை எப்படிப் பங்கு போடுவது என்று மூன்று வருஷம் சண்டை போட்டார்கள். மீனை எண்ணலாம் என்றால் கரைக்காரன் ஒளிப்பான், சரக்கை எண்ணலாம் என்றால் திட்டுக்காரன் ஒளிப்பான். கடைசியில் ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்குச் செய்கிற வேலையை எண்ணுவது என்று முடிவானது. வைத்தியம், பாடம், முடிவெட்டு, ரிப்பேர், வழக்கு. வயிற்றுப்பாட்டைத் தாண்டின ஊரில்தான் இவை பெருகும் என்றார்கள் படித்தவர்கள். வருஷா வருஷம் இரண்டு பக்கத்தின் சேவைத்துறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். எது சின்னதோ அதற்குத் தண்ணீர் இரண்டு பங்கு. எது பெரியதோ அதற்கு ஒரு பங்கு.

எண்ணுவதற்குத்தான் மணி வந்தது. சிவப்பு நிறம், நுனியில் கறுப்பு. பார்க்கக் குன்றிமணி மாதிரியே இருந்ததால் ஜனங்கள் அந்தப் பெயரையே வைத்து, பிறகு வெறும் மணி என்றாக்கிவிட்டார்கள். வேலை செய்கிறவர்கள் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். யாரும் எதையும் அழுத்த வேண்டாம், எழுத வேண்டாம். பேச்சைக் கேட்டே வேலை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று அது தானாகக் குறித்துக்கொள்ளும். பதினோரு வருஷமாக இப்படி.

சிலுவைமுத்து தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். மணி கொடுத்த முதல் மாதம் அதை வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்திருந்தார். அபராதம் போட்ட பிறகுதான் கழுத்தில் ஏறியது.

நிலையத்திலிருந்து ஒப்பீட்டு அலுவலகத்துக்கு நடந்தார். வழியெல்லாம் பேனர். ‘சேவையில் நெடுந்திட்டை வென்றது நம் கரை’ என்று எழுதி, கும்பிடு போட்ட முகங்கள். ஜெயித்ததற்குத் தண்டனை தண்ணீரில் வரும் என்று அந்த முகங்களில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியிருக்கும், அவர்கள் வீட்டில் யாருக்கும் சிறுநீரகம் கெடவில்லை.

அலுவலகத்தில் இருந்தவள் ரெக்ஸலின். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்நெற்றியில் நரை. ஒப்பீட்டு அதிகாரி.

“ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்க ஐயா. ஏழு நாள் டைம் இருக்கு.”

“எழுத வராது. வாயாலதான் வரும்.”

“சரி, உக்காருங்க.” திரையை அவர் பக்கம் திருப்பினாள். இரண்டு கோடுகள். “பச்சை நெடுந்திட்டு. சிவப்பு நாம.”

“நாமன்னா? நீங்க எந்தப் பக்கம்?”

“எங்கம்மா ஊரு இந்தக் கரையில பனைத்துறை. சம்பளம் ரெண்டு பக்கமும் சேந்து குடுக்குது.”

“அப்ப ரெண்டு பக்கமும் உங்கள நம்பாது.”

“ஆமா,” என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் முகம் மாறாமல் சொன்னது அவருக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் சிவப்புக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பச்சை அதற்கு மேலே, ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில். பச்சை மெல்ல ஏறியது. சிவப்போ வருஷத்துக்கு வருஷம் நிமிர்ந்து, இந்த வருஷம் பச்சையை வெட்டி மேலே போயிருந்தது.

“பள்ளிக்கூடத்துல வாத்தியாரு இல்ல. ஆஸ்பத்திரியில டாக்டர் திங்கக்கிழமை மட்டும். பாதி ஊரு கடலுக்குள்ள போயாச்சு,” என்றார் சிலுவைமுத்து. “இதுல எதை எண்ணுனீங்க? என் மணியைப் பாத்துச் சொல்லுங்க.”

அவள் பார்த்தாள். புருவம் சுருங்கியது. “உங்க பேருல மூவாயிரத்து நூத்திப் பதினெட்டு வேலை நடந்துக்கிட்டு இருக்கு.”

“நடந்துக்கிட்டா? நான் உங்க முன்னாலல்லா உக்காந்திருக்கேன்.”

“ஒரே நேரத்துல பல வேலை இருக்கலாம். நர்ஸுன்னா ஒரு வார்டுல இருபது பேரைப் பாப்பாங்க. அதை மிஷின் ஏத்துக்கும்.” இன்னொரு வரியைத் தொட்டாள். “அந்தோணியார் தெரு, ஏழாம் நம்பர், திரேசம்மாள் வீடு. மோட்டார் பழுது. தொடங்கிப் பத்து வருஷம் ஏழு மாசம். இன்னும் முடியல.”

“அந்தத் தெருவையே கடலு தின்னுட்டு. திரேசு மைனி மக வீட்டுல கிடக்காவ. என்ன வேலை முடியல?”

ரெக்ஸலின் ஒரு கருவியை அவர் காதில் வைத்தாள். முதலில் இரைச்சல். அப்புறம் பத்து வருஷத்துக்கு முந்தைய அவருடைய குரலே: “தண்ணி ஏறுது, பாத்துக்கிடுங்க. அப்ப மைனி, நான் போயிட்டு வாரேன்.” அதற்குத் திரேசம்மாளின் குரல்: “சரி, போயிட்டு வாங்க.”

“சரியாத்தானே சொல்லியிருக்கேன்,” என்றார்.

ரெக்ஸலின் கருவியை அவர் காதிலிருந்து எடுத்தாள். “வாரேன்னு சொல்லியிருக்கீங்க.”

“ஆமா. வாரேன்னா போறேன்னு அர்த்தம்.”

சொன்ன பிறகுதான் அவருக்கும் அது காதில் விழுந்தது. 

அவள் வேறு பெயர்களை எடுத்தாள். முடிவெட்டுகிறவர், பிரசவம் பார்க்கிற நர்ஸ், கேபிள்காரர், டியூஷன் டீச்சர். ஒவ்வொன்றிலும் கடைசிப் பேச்சைக் கேட்டாள். வாரேன். வர்றேன்க்கா. வாரேன் பெரியம்மா. வரட்டுமா. கரை முழுக்க யாருமே பதினோரு வருஷமாக எந்த வீட்டை விட்டும் போகவில்லை.

“நெடுந்திட்டுல ஒரு வக்கீல் இருக்காரு,” என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. “கூப்பிட்டா வருவேன்னு சொல்லிட்டு வீட்டுல இருக்காரு. அந்த நேரமும் வேலை நேரந்தான், காத்திருப்புச் சேவைன்னு பேரு. அதே விதிப்படி, திரும்பி வர்றதா வாக்குக் குடுத்தா வேலை முடியலன்னு அர்த்தம். வேலை செய்றவங்க சொன்னாலும் சரி, வீட்டுக்காரங்க ‘போயிட்டு வா’ன்னு சொன்னாலும் சரி, ஒரு பக்கம் போதும். திறந்தே இருக்கும். நெடுந்திட்டுல எல்லாரும் பைன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திருவாங்க. உடனே மூடிரும்.”

“மிஷின் தப்பாக் கேட்டிருக்குன்னு எழுதிப் போடுங்க.”

“தப்பாக் கேக்கல ஐயா. சரியாக் கேட்டிருக்கு.”

ஆனாலும் அவர் வாயால் சொன்ன ஆட்சேபணையை எழுதி நெடுந்திட்டுக்கு அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் நெடுந்திட்டிலிருந்து பதில் வந்ததாக ரெக்ஸலின் வீடு தேடி வந்து சொன்னாள். விதியை மாற்ற முடியாது. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட விதி. திறந்து கிடக்கிற வேலைகளை ஏழு நாளுக்குள் மூடினால் மறுபடி எண்ணத் தயார். வேலை செய்தவர் அந்த வீட்டில் நின்று, அந்த ஆள் காதுபட, போறேன் என்று சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு தடவை சொன்னால் அந்த வீட்டில் அவர் செய்த அத்தனையும் மூடிவிடும். வீடே இல்லையென்றால் ஆள் போதும். “இந்த ஏழு நாளுல வாய்தவறி ‘வாரேன்’னு சொன்னா பயப்பட வேண்டாம். அது அடுத்த வருஷக் கணக்குக்குப் போயிரும். பழசை மட்டும் மூடுங்க.”

“போறேன்னு சொல்லவா?” என்றார் சிலுவைமுத்து. “வெளக்கமாத்தால அடிப்பாளுவ.”

“அடிக்கட்டும். பத்தொம்பது பேரு இருக்காங்க அங்க.”

போகிறபோது ரெக்ஸலின் வாசலில் தயங்கி நின்றாள். அவரை மட்டும் வெளியே வரச் சொல்லி, கையிலிருந்த சின்னத் திரையைக் காட்டினாள். அவர் வீட்டு எண்ணுக்கு நேராக இன்னொரு மணி. அவர் எழுத்துக்கூட்டினார். ச. கா. ய. ம்.

சகாயம் அவர்களுடைய ஒரே மகன். ஆம்புலன்ஸ் படகில் நர்ஸாக இருந்தான். எட்டு வருஷத்துக்கு முன் கார்த்திகைப் புயலில், திட்டுக்கும் கரைக்கும் நடுவே தத்தளித்த தோணிக்குப் போன படகு திரும்பி வரவில்லை. உடல் கிடைக்கவில்லை. அன்று காலையில் அம்மாவுக்குச் சர்க்கரை ஊசி போட்டுவிட்டுத்தான் போனான். கழுத்தில் மணி இருந்தது.

“செத்தவங்க வேலையும் திறந்துதான் கிடக்கு,” என்றாள் ரெக்ஸலின். “அவங்க வந்து சொல்ல முடியாது. அதனால அவங்க வீட்டு ஆளுங்க அலுவலகத்துக்கு வந்து, ஆள் போயிட்டாருன்னு சொன்னா, அவரு பேருல இருக்கிற அத்தனையும் மூடும். சொல்றதுக்கு முன்னாடி கடைசிப் பேச்சை ஒரு தடவை காதுல கேக்கலாம். மூடினதும் அந்தக் குரல் அழிஞ்சிரும். திறந்து கிடக்கிறதுக்கு மட்டுந்தான் சாட்சிக்குக் குரலை வெச்சிருக்கும்.”

“அந்தக் குரலை வேற எதுலயாவது பிடிச்சுக் குடுங்களேன்.”

“முடியாதுய்யா. அதுக்குப் பூட்டு நெடுந்திட்டுல இருக்கு.”

“அப்ப இதை அவகிட்டச் சொல்லாதீங்க. ஒண்ணு குறைஞ்சா ஒண்ணும் ஆவாது.”

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சொல்வாளா மாட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற யாரும் வாயை மூடி வைத்து அவர் பார்த்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார். முதல் வீடு திரேசம்மாள். விஷயத்தை விளக்கிச் சொன்னார். கிழவி காது கொடுத்துக் கேட்டாள். எல்லாம் சரி என்று தலையாட்டினாள். அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, “மைனி, நான் போறேன்,” என்றார்.

கிழவி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாயில என்ன கொள்ளிக்கட்டையா? உன் வீட்டுல ஒரு சீக்காளி கிடக்கா, இந்தப் பேச்சு பேசுதியே.”

“அவளுக்காகத்தான் மைனி.”

“எவளுக்காகன்னாலும் வெளிய போயிச் சொல்லு.”

கழுத்து மணி ஒரு தடவை மினுக்கியது. மூடிவிட்டது. சண்டை போட்டாலும் மூடும் என்று தெரிந்துகொண்டார்.

அந்த வாரம் கரையில் எல்லாத் தெருவிலும் இதுதான். ஒரு வீட்டில் கேபிள்காரர் போறேன் என்றதும் மாமியார்க்காரி கெட்ட சகுனம் கழியட்டும் என்று செம்புத் தண்ணீரைத் தெருவில் ஊற்றினாள். முடிவெட்டுகிற பிச்சையா சொல்லும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னார். ஒரு டீச்சர் பழைய மாணவன் வீட்டில் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். பிறகு அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, ‘போயிட்டு வாங்க டீச்சர்’ என்று வழியனுப்பினார்கள். அது அடுத்த வருஷக் கணக்கில் போய் விழுந்தது.

சிலுவைமுத்து இருநூற்று நாற்பது வீடு ஏறி இறங்கினார். கதவைத் திறக்காத இடத்தில் ஜன்னல் வழியாகக் கத்தினார். ஆறாம் நாள் அவருடைய மூவாயிரத்து நூற்றிப் பதினெட்டும் மூடிவிட்டன. ஒவ்வொரு நாளும் அலுவலகத்துக்குப் போய்ச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். இறங்கிக்கொண்டே இருந்தது. ஆறாம் நாள் மத்தியானம், பச்சைக்கு ஒரு மயிரிழை மேலே வந்து நின்றுவிட்டது.

“உயிரோட இருக்கிறவங்க எல்லாம் முடிச்சாச்சு,” என்றாள் ரெக்ஸலின். கண் சிவந்திருந்தது, ஆறு நாளாகத் தூங்கியிருக்க மாட்டாள். “இன்னும் ரெண்டாயிரத்து நூறு வேலை மூடணும். திறந்து கிடக்கிறது மூவாயிரத்துச் சொச்சம். எல்லாம் செத்தவங்க பேருல. சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லி அனுப்பிட்டேன். ஒருத்தரும் வரல. வர்றவங்க வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போறாங்க.”

“நெடுந்திட்டுல செத்தவங்க இல்லியா?”

“அவங்கள்ல செத்தவங்க எல்லாரும் பை சொல்லிட்டுச் செத்துட்டாங்க.”

அவர் வீட்டுக்குப் போனார். அமலோற்பவம் கட்டிலில் உட்கார்ந்து, வீங்கின கால்களைத் தலையணை மேல் வைத்திருந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறவள். பக்கத்தில் இருந்த டம்ளரில் பாதி மிச்சம்.

“எல்லாம் மூடியாச்சா?” என்றாள்.

“கொஞ்சம் பாக்கி.”

“நம்ம வீட்டுல?”

“நம்ம வீட்டுல என்ன இருக்கு? ஒண்ணுமில்ல.”

“எங்கிட்டப் பொய் சொல்லுதீங்க பாருங்க. உங்களுக்கு அதுவும் ஒழுங்கா வராது.” டம்ளரைத் தள்ளி வைத்தாள். “அவன் அன்னைக்கு மணி போட்டிருந்தான். நான்தான் பின்னால முடிச்சுப் போட்டு விட்டேன்.”

சிலுவைமுத்து தரையில் உட்கார்ந்தார். எட்டு வருஷமாக அவள் கல்லறையில் மகனுக்கு ஒரு சிலுவை நட விடவில்லை. பூசை வைக்க விடவில்லை. பங்குச்சாமியார் இரண்டு தடவை வந்து பேசிப் பார்த்தார். ‘உடம்பைக் கொண்டாங்க, அப்புறம் பூசை வைங்க’ என்று ஒரே பேச்சில் அனுப்பிவிட்டாள். அவளிடம் போய் என்னவென்று சொல்வது? எல்லாவற்றையும் சொன்னார். குரல் அழிந்துவிடும் என்பதையும் சொன்னார்.

அவள் தலையணையிலிருந்து கால்களை மெல்ல இறக்கினாள். பிறகு, “அன்னைக்கு நான் அவனுக்குப் பதில் சொல்லல,” என்றாள்.

“என்ன பதில்?”

“காத்து அடிக்குது, போவாதலேன்னேன். கேக்கல. ஊசியைப் போட்டுட்டு, வாரேன்னான். நான் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். வாசல்ல நின்னான். நான் சொல்லுவேன்னு நின்னான். எனக்குத் தெரியும், செருப்புச் சத்தம் கேக்கல. அப்புறம் போயிட்டான்.”

அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

“நீ போவ வேண்டாம் அமலி. மத்தவங்க வரட்டும்.”

“மத்தவங்களும் அவங்க வீட்டுல இதத்தான் சொல்லிக்கிட்டு இருப்பாங்க.”

ஏழாம் நாள் காலையில் அவளுக்கு டயாலிசிஸ் இருந்தது. முடித்து, கையில் பிளாஸ்திரி ஒட்டினபடியே, சுடலைமணி பிடித்த ஆட்டோவில் மூன்று பேரும் அலுவலகத்துக்குப் போனார்கள். கணக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மூடும். மணி பத்தரை.

அலுவலகத்துக்கு வெளியே ஜனம் நின்றது. நூறு, இருநூறு, அதற்கும் மேலே. யாரும் வரிசையில் இல்லை. வேப்பமரத்தடியிலும் மதில் ஓரத்திலும் சாய்ந்து நின்று, கதவைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். எல்லாரும் முதல் ஆள் யாரென்று காத்திருந்தார்கள். சிலுவைமுத்துவுக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. பிறகு, தன்னைப் பார்த்தும் அதே கோபம் வந்தது.

அமலோற்பவம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அவள் நேராக உள்ளே போய் ரெக்ஸலின் முன்னால் உட்கார்ந்தாள். மேசைமேல் ஒரு மணி, மரக்கட்டையில் பதித்து வைத்திருந்தது.

“சகாயம். அப்பா பேரு சிலுவைமுத்து,” என்றாள். “காதுல வை.”

ரெக்ஸலின் கருவியை அவள் காதில் வைத்தாள். சத்தம் வெளியே வரவில்லை. சிலுவைமுத்து மனைவியின் முகத்தைத்தான் பார்த்தார். அவள் பிளாஸ்திரி இருந்த இடத்தை மறு கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். அதிலிருந்து ரத்தம் ஒன்றும் வரவில்லை. எதற்கு அழுத்துகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

கேட்டு முடித்ததும் கருவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“என்னத்தச் சொன்னான்?” என்றார்.

“பஞ்சை நல்லா அழுத்திப் பிடிம்மான்னான்.”

ரெக்ஸலின் மேசையைப் பார்த்தபடி, விதியில் உள்ளதைக் கேட்டாள். “இந்தப் பணியைச் செய்தவர் போய்விட்டாரா?”

வெளியே கதவை அடைத்துக்கொண்டு ஜனம் எட்டிப் பார்த்தது. யாரோ இருமினார்கள். சுவர்க் கடிகாரம் நகர்ந்துகொண்டே இருந்தது. சிலுவைமுத்து அவள் தோளில் கை வைத்தார். கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் வைத்தார்.

“போயிட்டான்,” என்றாள் அமலோற்பவம்.

மேசை மணி மினுக்கியது. திரையில் ஒரு வரி மங்கி மறைந்தது. எட்டு வருஷம் இரண்டு மாதம் திறந்து கிடந்த வேலை முடிந்துவிட்டது.

அவள் எழுந்திருக்கவில்லை. கையை இன்னும் அழுத்திப் பிடித்தபடி, அந்த மரக்கட்டையைப் பார்த்தாள். பிறகு, பக்கத்து அறையில் இருக்கிற ஆளிடம் சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னாள்.

“சரி. போயிட்டு வாய்யா.”

மணி மறுபடி மினுக்கியது. திரையில் வரி மறைந்த இடத்திலேயே ஒரு புது வரி எழுந்தது. சிலுவைமுத்து மெல்ல எழுத்துக்கூட்டினார். ச. கா. ய. ம். நேரம்: ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நிலை: நடந்துகொண்டிருக்கிறது.

ரெக்ஸலினும் அதைப் பார்த்தாள். அவள் விரல் அழிக்கிற இடத்துக்கு மேலே போய் நின்றது. செத்த ஆள் பெயரில் புது வேலை திறக்கக்கூடாது என்று விதி இருக்கும், இல்லாமலா இருக்கும். சிலுவைமுத்து அந்த விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அரசாங்கத்து விரல்களை அவர் இப்படித்தான் பார்த்து வந்திருக்கிறார்.

விரல் விலகியது. அவள் கதவுப் பக்கம் பார்த்து, “அடுத்தவங்க வாங்க,” என்றாள்.

பிச்சையாவின் தம்பி மனைவி உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு. மரத்தடியிலிருந்தும் மதிலிலிருந்தும் ஆட்கள் பிரிந்து வந்தார்கள்; வரிசை தெருவரைக்கும் நீண்டது. ஒவ்வொருவராக உட்கார்ந்து, காதில் வைத்துக் கேட்டு, போயிட்டாரு என்று சொன்னார்கள். ஒவ்வொருவரும் எழுவதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார்கள். மணி ஒரு ஆளுக்கு இரண்டு தடவை மினுக்கியது. ரெக்ஸலின் ஒன்றையும் அழிக்கவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சிவப்புக் கோடு பச்சைக்குக் கீழே இறங்கியது. யாரும் கை தட்டவில்லை. வாசலில் நின்ற சுடலைமணி மட்டும், “தண்ணி உண்டு அண்ணாச்சி. மூணு தடவையும் உண்டு,” என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அமலோற்பவத்தின் முன்னால் ரெக்ஸலின் வந்து குனிந்தாள். அலுவலகத்துக் குரலைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

“அத்தை, நீங்க இன்னைக்குத் திறந்தது அடுத்த வருஷக் கணக்குல நிக்கும். உங்க குரல்தான் சாட்சிக்கு இருக்கும், அவரு குரல் இல்ல. அடுத்த வருஷம் இதே நாள்ல நீங்களே வந்துதான் அதை மூடணும். வேற யாரு வந்தாலும் மூடாது.”

“வருஷா வருஷமா?”

“வருஷா வருஷம்.”

அமலோற்பவம் கணவரின் தோளைப் பிடித்து எழுந்தாள். வாசல்வரைக்கும் போனவள், திரும்பி நின்றாள்.

“வாரேன்,” என்றாள்.

மேசைமேல் இருந்த மணி அதற்கும் ஒரு தடவை மினுக்கியது.